கள்ளப் பாஸ்போர்ட்டும் நல்ல பிள்ளையும்

எண்பதுகளின் நடுப்பகுதியில் டென்மார்க்கின் யூலண்டுப் பக்கத்துச் சிறு நகரங்களில் கறுத்த தலைமுடியோடு திரிந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு கூட்டத்தார். ஒரு கூட்டம் நாங்கள். கிழக்கு பெர்லினில் விமானத்தை விட்டிறங்கி, வார்னமுண்டவில் கப்பலேறி, கெட்சர் துறைமுகத்தில் கரைசேர்ந்த ஈழத்து இளைஞர்கள். மற்றவர்கள் எங்களுக்கு முன்பே வந்துவிட்ட கொரியப் பிள்ளைகள். தெருவில் சைக்கிளில் போகும் பெண் எங்களைப் போலவே ஆசியாவிலிருந்து வந்தவள் என்று நினைத்துச் சிரிப்போம். வாயைத் திறந்தால் அந்த ஊர் விவசாயியின் மகளாக இருப்பாள். எந்த முகவரைப் பிடித்து இவ்வளவு சின்ன வயதில் வந்தார்கள் என்று அகதி முகாமில் எங்களுக்குள் ஒரு விவாதமே நடந்தது.

முகவர்கள் இருக்கத்தான் செய்தார்கள், முறையாகப் பதிவுசெய்த தத்தெடுப்பு நிறுவனங்களாக. கொரியப் போர் முடிந்த கையோடு, 1955 இல், அமெரிக்க விவசாயி ஹரி ஹோல்ட்டும் மனைவி பெர்த்தாவும் எட்டுக் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள். அதற்கென அமெரிக்கக் காங்கிரஸ் தனிச் சட்டமே இயற்றியது. அவர்கள் பெயரில் எழுந்த நிறுவனமும் அதைப் போன்ற வேறு சிலவும் அடுத்த பல பத்தாண்டுகளுக்குப் பிள்ளைகளை விமானமேற்றின. தொடக்கத்தில் போனவர்களில் பலர் வெளிநாட்டுப் போர்வீரர்களுக்குப் பிறந்த கலப்பினப் பிள்ளைகள். பிறகு மணமாகாத தாய்மாரின் பிள்ளைகளும், வறுமைப்பட்ட வீட்டுப் பிள்ளைகளும் போனார்கள். 1985 என்ற ஒரே ஆண்டில் 8,837 பேர் கொரியாவை விட்டுப் போயிருக்கிறார்கள். அது போர்க்காலமும் இல்லை, பஞ்சகாலமும் இல்லை. ஒலிம்பிக்கை வரவேற்கச் சியோல் தயாராகிக்கொண்டிருந்த காலம். டென்மார்க்குக்கு மட்டும் மொத்தமாக ஏறத்தாழ 9,000 பிள்ளைகள் வந்தார்கள்.

எங்கள் பத்திரங்கள் பொய் என்பது எங்களுக்கும் தெரியும், பொலிசுக்கும் தெரியும். வேறொருவன் பெயரில், என் முகம் ஒட்டிய பாஸ்போர்ட் அது. ஏன் அப்படி வந்தாய், எங்கே கிழித்தாய், யாருக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். நான் பத்து நிமிடம் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஒரு வரியில் முடித்துவிடுவார். விட்டுப்போனது என்ன என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. அந்தக் கொரியப் பிள்ளைகளின் பத்திரங்களும் பொய்யாக இருக்கலாம் என்று எவரும் கேட்கவில்லை. கொப்பன்ஹேகன் விமான நிலையத்தில் அவர்களைக் கண்ணீரோடு கட்டியணைத்துக்கொண்டார்கள்.

இப்போதுதான் அந்தப் பொய்யின் நுட்பம் வெளியே வந்திருக்கிறது. கொரியாவில் ஹோஜுக் என்றொரு குடும்பப் பதிவேடு இருந்தது. தாயும் தகப்பனும் உயிரோடு இருக்கும் பிள்ளையை அவர்களின் பதிவிலிருந்து பிரித்து, அந்தப் பிள்ளை மட்டுமே உள்ள ஒரு புதுப் பதிவைத் திறந்துவிட்டால் போதும். காகிதத்தில் அது அனாதை. பெற்றோரின் சம்மதம் தேவையில்லை, விசாவும் விரைவில் வரும். எங்கள் முகவர்கள் பசையும் கத்தரிக்கோலும் வைத்துச் செய்த வேலையை அங்கே அரசாங்க முத்திரையோடு செய்தார்கள்.

இதே பத்தாண்டில் இதே நாட்டில் நடந்த இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1987 இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகள் மனைவி பிள்ளைகளை வரவழைக்கக் கொடுத்த விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போடவைத்தார். அதை மூடி மறைக்கப்போய்ப் பிரதமர் போல் ஸ்லூட்டர் 1993 ஜனவரியில் பதவி விலக நேர்ந்தது. 1995 இல் நின்-ஹான்சனுக்கு ஒத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. டெனிஷ் அரசியல் வரலாற்றில் அது ‘தமிழர் வழக்கு’ என்றே பதிவாகியிருக்கிறது. குடும்பம் இருக்கிறது என்று சொன்ன எங்களிடம் ஆதாரம் கேட்டார்கள். குடும்பம் இல்லை என்று காகிதம் சொன்ன பிள்ளைகளிடம் எதையுமே கேட்கவில்லை.

என் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது, அவளுடைய டெனிஷ் மொழியைக் கேட்டு வியந்த பெண்கள் ‘தத்தெடுத்த பிள்ளையா?’ என்று கேட்பார்கள். பாராட்டாகத்தான் கேட்டார்கள். இந்த நிறத்தில் இவ்வளவு நன்றாகப் பேசும் பிள்ளைக்கு வேறு விளக்கம் அவர்களுக்குத் தோன்றவில்லை. சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பிய எங்களுக்கு, கொம்யூன் என்ற நகரசபையில், புத்திமதி கிடைக்கும்: வீட்டிலும் டெனிஷ் பேசுங்கள், அப்போதுதான் பிள்ளை முன்னேறும். முன்னேறிய பிள்ளைக்கு எடுத்துக்காட்டு, சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும், அந்தக் கொரியப் பிள்ளைகள்தான்.

அவர்களில் ஒருவரோடு முதியோர் இல்லத்துச் சமையலறையில் நெடுங்காலம் வேலை செய்தேன். அவருடைய கோப்பில், பொலிஸ் நிலைய வாசலில் கண்டெடுத்த பிள்ளை என்று எழுதியிருந்தது. வார்த்தை மாறாமல் அதே கதை தன் நண்பர்கள் சிலரின் கோப்புகளிலும் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்வார். ‘ஃபர்ஸ்ட் பர்சன் ப்ளூரல்’ என்ற ஆவணப்படத்தைப் பார்க்கும்படி எனக்குச் சொன்னவரும் அவரே. 2000 இல் வந்த படம் அது. எடுத்தவர் டீன் போர்ஷே லீம். 1966 இல் கலிபோர்னியக் குடும்பம் ஒன்றுக்கு அனுப்பப்பட்ட கொரியச் சிறுமி அவர். அந்தக் குடும்பம் கடிதமும் பணமும் அனுப்பி ஆதரித்து வந்தது சா ஜங் ஹீ என்ற வேறொரு பிள்ளையை. கடைசி நேரத்தில் அந்தப் பிள்ளையைத் தகப்பன் வந்து கூட்டிப்போய்விட, அனாதை இல்லத்தார் காங் ஓக் ஜின் என்ற இந்தப் பிள்ளையை அந்தப் பெயரிலேயே ஏற்றிவிட்டார்கள். உண்மையைச் சொல்லிவிடாதே என்றும் சொல்லி அனுப்பினார்கள். தாயும் உடன்பிறப்புகளும் கொரியாவில் உயிரோடு இருந்தார்கள். வளர்ந்த பிறகு அவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, அமெரிக்கப் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போய், இரண்டு குடும்பங்களையும் சந்திக்கவைக்கிறார்.

வேறொருவரின் பெயரில் விமானமேறி, வழி முழுக்க அந்தப் பெயரை மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர்கள் எங்கள் சனத்தில் எத்தனையோ பேர். இறங்கியதும் அந்தப் பெயரை நாங்கள் கழற்றி எறிந்துவிட்டோம். அந்தச் சிறுமியால் அது முடியவில்லை. காலப்போக்கில் தன் சொந்தப் பெயரே அவருக்கு மறந்துபோகிறது. படத்தில் என்னை மிகவும் தொந்தரவு செய்த இடம் அதுதான். சந்திப்புக் காட்சிகளில் அழாமல் இருந்த நான் அங்கே எழுந்து போய்த் தேத்தண்ணீர் போட்டேன்.

என் சக ஊழியரின் அம்மாவும் பிறகு கிடைத்தார். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த குழந்தையை, தாய் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அப்பம்மா கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். சியோலில் நிறுவனத்தின் அறையொன்றில் சந்திப்பு. தொலைக்காட்சியில் காட்டுவது அந்தக் கட்டிப்பிடித்தல்தான். அதன் பிறகு என்ன என்பதை எவரும் காட்டுவதில்லை. தாய் பேசப் பேசப் பக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பாளர் ‘அவர் வருந்துகிறார்’ என்று மட்டும் சொன்னாராம். டென்மார்க்குக்குத் திரும்பியதும் என் சக ஊழியர் கொரிய எழுத்துக்களைப் படிக்கத் தொடங்கினார். சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்துப் பாத்திரம் கழுவும்போது உச்சரித்துப் பார்ப்பார். ஒருங்கிணைவுக்கு எங்கள் முன் எடுத்துக்காட்டாக நிறுத்தப்பட்டவர், பெற்ற தாயிடம் பேச ஐம்பது வயதில் அரிவரி படித்துக்கொண்டிருந்தார். ‘நீ உன் அம்மாவோடு போனில் என்னதான் பேசுவாய்?’ என்று கேட்டார். ஒன்றுமில்லை, யாருக்குக் கலியாணம், கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, காசு வந்ததா, அவ்வளவுதான் என்றேன். அதைக் கேட்டு அவர் பொறாமைப்பட்டார்.

2024 ஜனவரியில் டெனிஷ் முறையீட்டுச் சபை, கொரியாவில் பிள்ளைகளின் அடையாளங்கள் மாற்றப்பட்டது இங்குள்ள முகவர் நிறுவனங்களுக்கு எழுபது எண்பதுகளிலேயே தெரிந்திருந்தது என்று அறிக்கை வெளியிட்டது. அதே மாதத்தில் நாட்டில் எஞ்சியிருந்த ஒரே நிறுவனமும் வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்தியது. கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவிடம் வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட 367 பேர் மனுக் கொடுத்திருந்தார்கள். 2025 மார்ச்சில் 56 பேருக்கு மனித உரிமை மீறல் நடந்ததாக அது தீர்ப்பளித்தது. ஆணைக்குழு வெளியிட்ட ஒரு படத்தில், 1984 இல் டென்மார்க்குக்கு வரும் விமானத்தின் இருக்கைகளில் குழந்தைகள் பட்டியால் கட்டப்பட்டுக் கிடக்கிறார்கள். 2025 அக்டோபரில் ஜனாதிபதி லீ ஜே-மியுங் மன்னிப்புக் கேட்டார். என் சக ஊழியர் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, தன் பெயர் அந்த 56 இல் இல்லை என்று மட்டும் சொன்னார்.

அடுத்த பயணத்துக்கு அவருடைய டெனிஷ் தகப்பனும் வருவதாக அடம்பிடிக்கிறார். எண்பது கடந்த மனிதர். பத்திரங்களை நம்பித்தான் கையெழுத்துப் போட்டோம், அதை அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து நானே சொல்ல வேண்டும் என்கிறார். ஆசியத் தாய்மாரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையில், என்ன பரிசு கொண்டுபோவது என்று என்னிடம் கேட்டார். பரிசு கிடக்கட்டும், நிறுவனம் தரும் மொழிபெயர்ப்பாளரை நம்பாமல் உங்கள் காசில் ஒருவரை அமர்த்துங்கள், அந்த அம்மா எவ்வளவு நேரம் பேசினாலும் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள் என்றேன். சட்டைப்பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டு, மணிக்கு எவ்வளவு கேட்பார்கள் என்று விசாரித்தார்.