லோரலைப் பாறையும் ஒலிபெருக்கிப் பாட்டும்

ஜெர்மனியின் ரைன் நதியில் பாகராக் ஊரைக் கடந்து வடக்கே செல்லும் சுற்றுலாப் படகில், அதுவரை கோட்டைகளையும் திராட்சைத் தோட்டங்களையும் ரசித்துக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று அவற்றை மறந்துவிட்டு, ஒரு பாறைக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள். பொன்னிறக் கூந்தலை வாரிக்கொண்டே பாடி, படகோட்டிகளை மயக்கிக் கவிழ்க்கும் லோரலை அமர்ந்திருந்ததாகச் சொல்லப்படும் பாறை அது. நீர்மட்டத்திலிருந்து சுமார் 130 மீட்டர் உயரம். பார்வைக்குச் செடிகொடிகள் அப்பிய ஒரு செங்குத்தான மலைச்சரிவு, அவ்வளவுதான்.

பாறை நெருங்கியதும் ஒலிபெருக்கியில், "ஏன் இவ்வளவு சோகம் என்று எனக்கே தெரியவில்லை" என்ற பொருளில் தொடங்கும் பாட்டு கிளம்பியது. ஹைன்ரிஷ் ஹைனே 1824இல் வெளியிட்ட கவிதைக்கு ஃப்ரீட்ரிஷ் சில்ஹர் மெட்டமைத்தது. ஜெர்மானிய முதியவர்கள் மனப்பாடமாகக் கூடவே பாடினார்கள். சரியாக அவள் பாடத் தொடங்கும் அடி வந்தபோது, கரையோரத் தண்டவாளத்தில் நீளமான சரக்கு ரயிலொன்று தடதடத்துக்கொண்டு வந்து மொத்தப் பாட்டையும் விழுங்கிவிட்டது. கடைசிப் பெட்டி சுரங்கத்துக்குள் மறைந்தபோது பாட்டில் வரும் படகோட்டி மூழ்கியே போயிருந்தான்.

ஹைனேயின் படகோட்டி நீரிலுள்ள பாறைகளைப் பாராமல் மேலேயே பார்த்ததால்தான் அழிந்தான். இதைப் பாடிக்கொண்டிருந்த கூட்டமும் கைப்பேசிகளை மேலே தூக்கியபடி வலப்பக்கத்துக்கு ஓடியதில், காபித் தட்டோடு வந்த பணியாளர்தான் கவிழ்ந்திருப்பார். ஒரு சிறுவன் தன் பாட்டியிடம் அந்தப் பெண் எங்கே என்று கேட்டான். "இன்றைக்கு அவளுக்கு விடுமுறை" என்றார் பாட்டி.

உண்மையில் அவள் நியூயார்க்குக்கே போய்விட்டாள் என்றும் சொல்லலாம். ஹைனேயின் நினைவாகச் செதுக்கப்பட்ட லோரலை நீரூற்றை, அவர் பிறந்த டுசெல்டார்ஃப் நகரமே ஏற்க மறுத்ததால், அது 1899இல் பிராங்ஸ் பகுதியில் நிறுவப்பட்டது. ஹைனே யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதும் அந்த மறுப்புக்கு ஒரு காரணம். பிறகு 1953இல், வைரங்களின் மேல் மோகம் கொண்ட லோரலை லீயாக மர்லின் மன்றோ திரையில் வந்தார். ஆண்களைக் கவிழ்க்கும் வேலை அப்படியே தொடர்ந்தது. நதி மட்டும் தேவைப்படவில்லை.

பல நூற்றாண்டுப் பழமையான கதை என்று பக்கத்து இருக்கைக்காரர் அடித்துச் சொன்னார். பாறையின் எதிரொலி பழைய காலத்திலேயே பேர்பெற்றதுதான். ஆனால் அந்தப் பெண்ணை 1801இல் தம் நாவலொன்றின் பாட்டில் படைத்தவர் கிளெமென்ஸ் பிரென்டானோ என்ற கவிஞர். அவள் வருவதற்கு முன்பே அங்கே நதி குறுகி, வளைந்து, படகுகளை உடைத்துக்கொண்டுதான் இருந்தது. 2011இலும் கந்தக அமிலம் ஏற்றி வந்த கப்பலொன்று அருகிலேயே கவிழ்ந்து இருவர் இறந்தனர். நதி இப்படி ஆபத்தானது என்பதால்தான் இந்த வளைவுகளில் கப்பல்களுக்கென்றே ஒளிச் சமிக்ஞைகள் வைத்திருக்கிறார்கள். பயணிகளில் ஒருவராவது அவற்றைப் படமெடுத்ததாகத் தெரியவில்லை.

வளைவு தாண்டியதும் பாட்டைப் பாதி அடியிலேயே வெட்டிவிட்டு, சங்க்ட் கோவாரில் இறங்குகிறவர்கள் படிக்கட்டுக்கு வரலாம் என்று அதே ஒலிபெருக்கி அறிவித்தது.