2500 ரூபாய்க்குள் தூண்டில் ராடும் ரீலும்: ஏரிக்கரையில் போட்டுப் பார்த்ததில் தெரிந்தவை

முதலில் பணத்தைப் பிரிக்கும் விதம். 2500 ரூபாயில் பாதிக்கு மேல் ரீலுக்கு, 800 வரை ராடுக்கு, மிச்சம் தூண்டில் நரம்பு, முள், எடைக்குக் கட்டும் ஈயம், ஸ்விவல் (நரம்பு முறுக்கேறாமல் சுழலும் சின்ன இணைப்பு) ஆகியவற்றுக்கு. புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது ராடு என்பதால் காசு அங்கே போய்விடுகிறது. ஏரியில் மாட்டுகிற ஜிலேபிக்கும் கெண்டைக்கும் சுமாரான ராடு போதும். சுமாரான ரீல் போதாது. இழுவையில் நரம்பு அறுவதும் வீச்சில் சிக்கு விழுவதும் பாதிக்கு மேல் ரீலால் வருபவை.

பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தவை இரண்டு. ஒன்று, ராடு, ரீல், நரம்பு, நாலைந்து பிளாஸ்டிக் மீன் எல்லாம் ஒரே பையில் வரும் மடக்கு ராடு (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் துண்டுகள் கொண்டது) செட். மற்றது, 7 அடி இரண்டு துண்டு ஃபைபர் கிளாஸ் ராடு, 2500 அளவு (இது விலை அல்ல, ரீலின் அளவு எண்) ஸ்பின்னிங் ரீல், தனியாக வாங்கிய 0.30 மி.மீ. நரம்பு. இரண்டும் ஏரி, கண்மாய், முட்டுக்காடு மாதிரியான கழிமுகக் கரைக்குத்தான். கடற்கரையில் அலையைத் தாண்டி வீச 10 அடிக்கு மேல் ராடும் 80, 100 கிராம் ஈயமும் வேண்டும். அந்தச் செலவு வேறு.

மடக்கு ராடு

பஸ்ஸிலும் வண்டியிலும் கொண்டுபோக இதைவிடச் சௌகரியம் இல்லை. ஆனால் கரை மணல் மூட்டுகளுக்குள் போனதும் தொல்லை ஆரம்பிக்கிறது. நீட்டும்போது கறகறவென்று சத்தம் கேட்டால் மணல் ஏறிவிட்டது என்று அர்த்தம். அப்படியே இழுத்தால் துண்டு பாதியில் இறுகி நிற்கும், இல்லாவிட்டால் வீசும்போது உள்ளே சரிந்துவிடும். இறுகியதைப் பிளையர் வைத்துத் திருகக் கூடாது. நார் நசுங்கி அடுத்த மீனில் அந்த இடத்திலேயே ஒடியும். இரண்டு கையாலும் எதிரெதிர்ப் பக்கம் மெதுவாகத் திருக வேண்டும். நீட்டும்போது நுனித் துண்டிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றையும் இழுத்து, லேசாகத் திருகிப் பூட்டி, வளையங்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்ப்பது வழக்கமாகிவிட வேண்டும். நடுவில் ஒரு வளையம் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் நரம்பு அங்கே உரசி, வீச்சு தூரம் குறையும்.

இந்த மாதிரி செட்டில் பல வளையங்கள் வெறும் பசையில் நிற்பவை. வெயிலில் வண்டி டிக்கியில் கிடந்தால் பசை இளகி வளையம் சுழல ஆரம்பிக்கும். இரண்டு துண்டு ராடில் வளையத்தின் காலை நூலால் சுற்றி மேலே பூச்சு கொடுத்திருப்பார்கள். வித்தியாசம் விலையில் 200, 300 ரூபாய்தான்.

கடையில் ராடைப் பார்க்கும் விதம்

பிடிக்கு மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். மீடியம், வீசும் எடை 10-30 கிராம் என்று இருந்தால் சரி. அதற்குக் கீழே உள்ள ராடில் 30 கிராம் ஈயத்தைக் கட்டி முழு வேகத்தில் வீசினால் நுனி போகும்; மேலே உள்ளதில் தக்கையும் சின்ன ஈயமும் பத்தடி கூடப் போகாது. நீளம் 7 அடி. கரையில் முதுகுக்குப் பின்னாலேயே சீமைக்கருவேலம் நிற்கிற ஊர்களில் 9 அடி ராடை வைத்துக்கொண்டு வீசவே இடம் இருக்காது.

ஒரு துணுக்குப் பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்தின் உள்விளிம்பிலும் சுற்றித் தேய்த்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் பஞ்சு நார் அதில் மாட்டி நிற்கும். அந்தக் கீறல்தான் பிறகு நரம்பை அரத்தைப் போல அராவும். நுனி வளையத்தை மட்டும் இரண்டு முறை பாருங்கள், அதிகம் அடிபடுவது அதுதான். கடைசியாக இரண்டு துண்டையும் பொருத்தி ஆட்டிப் பார்த்தால் மூட்டில் டக்கென்ற ஆட்டம் இருக்கக் கூடாது.

கார்பனா, கிளாஸா என்று கேட்டால் இந்தப் பணத்துக்குக் கிளாஸ்தான். கனம் கூடுதல், கடியைக் கையில் கொஞ்சம் மந்தமாகத்தான் காட்டும். ஆனால் கல்லில் விழுந்தாலும் கதவில் நசுங்கினாலும் தாங்கும். மலிவான கார்பன் ராடு ஒரு சின்ன அடிக்கே உள்ளுக்குள் விரிசல் விட்டு, பெரிய மீன் மாட்டும் அன்று பார்த்து ஒடியும். இன்னொன்று, கார்பனில் மின்சாரம் பாயும். ஏரிக்கரை மேலே கம்பி போகிற இடத்தில் அதை நிமிர்த்தவே கூடாது.

ரீல்

பெட்டியில் 12 பேரிங், 13 பேரிங் என்று பெரிதாகப் போட்டிருப்பதற்கு மயங்க வேண்டாம். நல்ல பேரிங் மூன்று இருந்தால் அந்த ரீல் பல வருஷம் ஓடும். பார்க்க வேண்டியவை வேறு.

நரம்பை ரீலில் சுற்றிவிடும் வளைந்த கம்பிதான் பெயில் கம்பி. அதைத் திறந்து ரீலை உதறுங்கள். தானாக மூடிக்கொண்டால் வைத்துவிடுங்கள். வீச்சின் நடுவில் அப்படி மூடினால் ஈயம் நரம்பை அறுத்துக்கொண்டு தனியாகப் பறக்கும். கம்பியின் ஓரத்தில் உள்ள சின்ன ரோலர் மேல் ஒரு நரம்பைப் போட்டு இழுங்கள். ரோலர் சுழல வேண்டும். சுழலாமல் நரம்பு மட்டும் வழுக்கினால் முறுக்கும் தேய்மானமும் நிச்சயம். பிறகு கைப்பிடியைப் பின்பக்கம் திருப்புங்கள். உடனே நின்றால் நல்லது. கால் சுற்று போய் டக்கென்று நின்றால் மீனைக் கொத்தி இழுக்கும்போது பல் சக்கரத்தில் அடி விழும்.

டிராக்தான் முக்கியம், அதாவது மீன் பலமாக இழுத்தால் நரம்பு அறாமல் விட்டுக்கொடுக்கும் பிரேக். குமிழைப் பாதி இறுக்கி, நரம்பைக் கையால் இழுத்தால் ஸ்பூல் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) சீராக விட வேண்டும். முதலில் முரண்டு பிடித்துப் பிறகு சட்டென்று விடுகிற ரீலில், மீனின் முதல் ஓட்டத்திலேயே நரம்பு அறும். மடக்கு ராடு செட்டில் வந்த ரீலில் கண்டது இதைத்தான்: கொக்கித் தராசில் ஆரம்ப இழுவைக்கும் ஓடும்போது உள்ள இழுவைக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்கு வித்தியாசம்.

நரம்பு ஏற்றுவது

செட்டோடு வரும் நரம்பை எறிந்துவிடலாம். சுருள் நினைவு போகாமல் ஸ்பிரிங் மாதிரி குதிக்கும். 0.30 மி.மீ. மோனோ (ஒற்றை இழை) நரம்பு, சுமார் 6 கிலோ தாங்குவது, இந்த அளவுக்குப் பொருத்தம்.

ஸ்பூலில் 0.25-160 என்று அச்சிட்டிருந்தால் 0.25 மி.மீ. நரம்பு 160 மீட்டர் கொள்ளும் என்று பொருள். அதே ஸ்பூலில் 0.30 நரம்பு சுமார் 110 மீட்டர்தான் கொள்ளும். 100 மீட்டர் சுருள் வாங்கினால் அடியில் பழைய நரம்பு 10 மீட்டர் சுற்றி அதன் மேல் ஏற்றலாம். விளிம்புக்குக் கீழே 2 மி.மீ. இடம் விட்டால் போதும். வழிய வழிய ஏற்றினால் வீசும்போது வளையம் வளையமாகக் கொட்டிச் சிக்கும். மிகக் குறைவாக இருந்தால் விளிம்பில் உரசித் தூரம் போகாது.

பெயில் கம்பியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஸ்பூலில் முடிச்சுப் போட வேண்டும். மூடியபடி கட்டினால் எவ்வளவு சுற்றினாலும் ஏறாது. சுருளைத் தரையில் படுக்க வைத்து, ஈரத்துணியால் நரம்பைப் பிடித்துக்கொண்டு 15 சுற்று சுற்றிவிட்டுத் தளர்த்திப் பாருங்கள். நரம்பு தன்மேல் தானே முறுக்கிக்கொண்டால் சுருளை மறுபக்கம் திருப்பிப் போட்டுத் தொடரவும். முள்ளில் கட்டும் முடிச்சை இறுக்குமுன் எச்சில் தடவுங்கள். காய்ந்த நரம்பு உரசல் சூட்டில் அங்கேயே பலம் இழக்கும்.

டிராக்கை, நரம்பு தாங்கும் எடையில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைக்க வேண்டும். 6 கிலோ நரம்புக்கு 1.5 முதல் 2 கிலோ. நரம்பை எல்லா வளையங்களிலும் கோத்து, ராடை 45 டிகிரி சாய்த்து, இன்னொருவர் கொக்கித் தராசில் இழுக்கப் பார்த்து வையுங்கள். ரீலிலிருந்து நேராக இழுத்து அளந்தால் வளையங்களின் உரசல் கணக்கில் வராமல் எண் குறைவாகக் காட்டும்.

கரையில்

முள் 8-ஆம் எண் ஜிலேபிக்கு, 4 அல்லது 6 கெண்டைக்கு. எண் ஏற ஏற முள் சின்னது. இரை மண்புழு, இல்லையென்றால் கெட்டியாகப் பிசைந்த மைதா உருண்டை. வீசுமுன் ஈயம் ராடு நுனிக்குக் கீழே ஒன்றரை அடி தொங்கட்டும். ஈயம் தண்ணீரில் விழுந்ததும் பெயில் கம்பியைக் கையால் மூடி, நரம்பைக் கையால் ஒருமுறை இழுத்து இறுக்கிய பிறகே சுற்ற வேண்டும். கைப்பிடியைச் சுற்றியே மூடினால் ஒரு தொய்வு வளையம் உள்ளே புதைந்து, அடுத்த வீச்சில் கொத்தாக வெளியே வரும்.

மீன் டிராக்கை இழுத்துக்கொண்டு ஓடும்போது கைப்பிடியைச் சுற்றாதீர்கள். 5.2:1 ரீலில் (கைப்பிடி ஒரு சுற்றுக்குப் பெயில் கம்பி 5.2 சுற்று) அப்படி ஒரு சுற்றுக்கு நரம்பில் ஐந்து முறுக்கு ஏறும். ஏறிவிட்ட முறுக்கை எடுக்க, முள்ளும் ஈயமும் இல்லாமல் ஓடும் வாய்க்காலில் 40, 50 மீட்டர் விட்டுத் திரும்பச் சுற்றினால் போதும்.

போகும் ஏரி குத்தகைக்கு விடப்பட்டதா என்று ஊரில் கேட்டுக்கொண்டு உட்காருவது நல்லது. குத்தகைக்காரர் மீன் விட்டிருக்கும் ஏரியில் அனுமதி இல்லாமல் போட்டால் சண்டைதான்.

கழிமுகத்திலிருந்து வந்தால் அன்றைக்கே கழுவ வேண்டும். டிராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மேலாகத் தெளித்தால் போதும். குழாயை வேகமாகத் திறந்தால் உப்பு பேரிங்குக்குள் போய்விடும். துடைத்துக் காய்ந்ததும் டிராக்கை முழுக்கத் தளர்த்தி வையுங்கள். ரோலரிலும் கைப்பிடி மூட்டிலும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. டிராக் துணி வளையத்தில் மட்டும் படக் கூடாது.

விராலுக்கு இந்த நரம்பு ஆகாது. அல்லிக் கொடிக்குள் புகுந்தால் மோனோ நீண்டு கொடுக்கும், மீனைத் திருப்ப முடியாது. 20 பவுண்டு (சுமார் 9 கிலோ) தாங்கும் பிரெய்டு, அதாவது பின்னல் நரம்பு, ஏற்றலாம், அடியில் மோனோ சில சுற்று கட்டாயம். வெறும் ஸ்பூலில் பிரெய்டு மொத்தமாக வழுக்கிச் சுழலும், டிராக் கெட்டுவிட்டது போலத் தோன்றும். வளையங்களில் செராமிக் உள்வளையம் இல்லாத ராடு என்றால் பிரெய்டு கோடு விழ அறுத்துவிடும், ஆகவே முதலில் ராடைப் பார்த்துவிட்டுப் பிறகு பிரெய்டு வாங்குங்கள்.