நாரிப்பிடிப்பும் நல்லெண்ணெயும்

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஏறக்குறைய 400 கிலோமீற்றர். சாய்க்க முடியாத சீட் கிடைத்துவிட்டால் விடியும்போது நாரி, அதாவது இடுப்பு, தனியாக, நாம் தனியாக இறங்குவோம். போன முறை எனக்கு அப்படித்தான் ஆனது. நல்லூரில் மாமி வீட்டு வாசலில் நான் குனிந்து செருப்புக் கழற்றிய விதத்தைப் பார்த்துவிட்டு, "முதலிலை போய் எண்ணெய் போட்டுப் பிடிச்சுக்கொண்டு வா, கோயிலுக்குப் பிறகு போகலாம்" என்றார்.

இந்த ஊரில் இது புதிதல்ல. முன்பு நாட்டு வைத்தியரான பரியாரியார் செய்தது. இப்படி உடம்பு பிடித்துவிடும் மசாஜ் சித்த வைத்தியத்தில் தொக்கணம் என்று ஒரு சிகிச்சையாகவே இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் கைதடியில் சித்த போதனா வைத்தியசாலையும் இருக்கிறது. இப்போது இவற்றோடு 'ஸ்பா' பலகைகளும் சேர்ந்துவிட்டன. எந்த இடமானாலும் வைத்தியம் என்று சொன்னால், பார்ப்பவர் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிந்தவரா என்று கேளுங்கள். 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டப்படி சித்த வைத்தியர்களும் அங்கேதான் பதிய வேண்டும். கேட்டால் கோபிக்கிற இடத்துக்குப் போகாமல் விடலாம்.

மாமி சொன்ன இடத்துக்குப் போன் எடுத்தேன். ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள் என்று அவர்களே முதலில் சொல்லிவிட்டார்கள். எவ்வளவு நேரம், எவ்வளவு காசு, குளிப்பதற்கு வசதி இருக்கிறதா என்பதெல்லாம் போனிலேயே கேட்டுவிடுவது நல்லது. "சோறு சாப்பிட்டிட்டு உடனை வராதேங்கோ" என்றார்கள். குப்புறப் படுக்கப் போகிறோம், வயிறு நிறைந்திருந்தால் அவ்வளவுதான். முதல்நாள் இரவு தண்ணியடித்தவர்களும் வேறு நாள் பார்ப்பது உத்தமம்.

போனவுடன் எண்ணெய் வரும் என்று நினைக்காதீர்கள், கேள்விதான் வரும். பிரஷர் இருக்கிறதா, சீனி வருத்தம் இருக்கிறதா, ஒப்பரேஷன் ஏதும் செய்ததா, தோலில் புண் உண்டா, எந்த எண்ணெயாவது ஒத்துக்கொள்ளாதா. பெண்கள் கர்ப்பமாக இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். பிடித்துவிடுகிறவர் என்னிடம் காற்சட்டையை உயர்த்தச் சொல்லி இரண்டு கெண்டைக்காலையும் பார்த்தார். நீண்ட நேரம் அசையாமல் இருந்து வந்தவர்களுக்கு ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும் இருந்தால் உள்ளே இரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம். அதைப் பிடித்துவிட்டால் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போய்விடலாம், ஆபத்து. அப்படிப்பட்ட காலோடு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இந்த ஒரு சோதனையிலேயே எனக்கு அந்த மனிதர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

பிறகு துவாய் ஒன்றைத் தந்துவிட்டு அறையை விட்டு வெளியே போனார். உள்ளாடையோடு படுத்துத் துவாயால் மூடிக்கொள்ளலாம். பிடிக்கிற பகுதி மட்டும் வெளியே தெரியும், மற்றது மூடியே இருக்கும். எண்ணெய் சுடுதண்ணிச் சட்டிக்குள் ஒரு கிண்ணத்தில் இருந்தது, நல்லெண்ணெயோடு ஏதோ மூலிகை மணம். தன் மணிக்கட்டின் உட்பக்கம் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துவிட்டுத்தான் என் முதுகில் விட்டார். முதலில் உள்ளங்கையால் நீளமாகத் தடவல். தசை இளகிய பிறகுதான் பெருவிரல் வேலை. நாரிக்கு மேலே, முதுகெலும்புக்குப் பக்கத்தில், ஒரு முடிச்சில் விரல் போய் நின்றது.

"நோகுதோ?"

"பரவாயில்லை ஐயா."

"எங்கடை ஆக்கள் ஒருத்தரும் நோகுது எண்டு சொல்லமாட்டினம். தோள் இறுகிறதை வைச்சுத்தான் நான் கண்டுபிடிக்கிறனான். சொன்னாத்தானே தம்பி குறைக்கலாம்."

உண்மைதான். பல் டாக்டரிடமும் நாங்கள் இப்படித்தான் இருக்கிறோம். பொறுத்துக்கொள்வது நல்ல பிள்ளைக்கு அடையாளம் என்று வளர்த்துவிட்டார்கள். ஆனால் மசாஜில் பொறுத்தால் தசை எதிர்த்து இறுகும், கொடுத்த காசு வீண். அழுத்தம் கூடிவிட்டது, எண்ணெய் சூடு, ஃபேன் குளிர், இந்த இடத்தைத் தொட வேண்டாம், எதையும் சொல்லலாம். மனசுக்குச் சரியாகப் படாத இடத்தில் கை போனால் எழுந்தே வரலாம். பேசப் பிடிக்காவிட்டால் பேசாமலும் கிடக்கலாம். நான் அரைவாசியில் நித்திரையாகிவிட்டேன், குறட்டையும் விட்டிருக்கிறேன். அவருக்கு இது பழக்கம் போல.

முடிந்ததும் துள்ளி எழும்பாதீர்கள். பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கலாம், தலை சுற்றலாம். கட்டில் விளிம்பில் சிறிது இருந்து, உள்ளங்காலைத் துடைத்துவிட்டு இறங்க வேண்டும். எண்ணெய்க் காலும் தரை ஓடும் சேர்ந்தால் இன்னொரு வைத்தியம் தேவைப்படும். உடம்பில் உள்ள நஞ்செல்லாம் இறங்கிவிடும் என்று சில இடங்களில் சொல்வார்கள். அந்த வேலையை ஈரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால் போதும்.

வீட்டில் மாமி எண்ணெய் போகத் தேய்த்துக் குளிக்கப் பயற்றம் மாவோடு காத்திருந்தார். எண்ணெய் வைத்து முழுகிய நாளில் பகல் நித்திரை கூடாதாம், தயிரும் கூடாதாம். நித்திரை விஷயத்தில் மட்டும் நான் கேட்கவில்லை. அடுத்த நாள் பிடித்த இடம் மெல்லிதாக நொந்தது, ஓரிரு நாள் அப்படி இருப்பது வழமை. நாரி ஒரேயடியாகச் சுகமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் நல்லூர்க் கோயில் வீதியைச் சுற்றி நடக்க முடிந்தது.

இன்னொன்று. போகும்போது பழைய சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போங்கள். மாமியின் தலையணை உறை இன்னும் வெளுக்கவில்லையாம், போன் எடுக்கும்போதெல்லாம் சொல்கிறார்.