மதுரைக்கு எத்தனை எழுத்து?

மதுரை என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லிவிடும். பைத்தான் என்ற நிரல்மொழியைக் கேட்டால் ஐந்து என்னும். ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிக்கோட் வைத்திருக்கும் கணக்கு அது. தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே எண்ணித் தரும் சின்னத் திறமூல நூலகம் (யாரும் தங்கள் நிரலில் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் நிரல்தொகுப்பு) ஒன்றை நாலைந்து பேர் சேர்ந்து பராமரிக்கிறோம். அதில், எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டும் மாதிரி நிரல்கள் என் பொறுப்பு. பகலில் இலந்தைக்குளத்தில் ஐடி வேலை, இது ராத்திரி வேலை.

பொறுப்பு என்று பெயர்தான். நூலகத்துக்கு வரிக்கு வரி சோதனை எழுதினோம். மாதிரிகள் இருக்கும் ஃபோல்டரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எழுதிய அன்று ஓடியது, அப்புறம் கொலு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தது.

திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரியில் சனிக்கிழமை வகுப்பெடுக்கக் கூப்பிட்டார்கள். வெளியிட்ட பதிப்பை இறக்கித் தரும் பிப் வழியாக நூலகத்தை நிறுவிக்கொண்டு, எங்கள் மூல நிரல் கிடக்கும் ரெப்போவில் இருக்கும் முதல் மாதிரியை ஓட்டச் சொன்னேன். "அண்ணே, இம்போர்ட் எரர் வருதுண்ணே" என்று ஒரு பையன் எழுந்தான். மாதிரி கேட்டது நூலகத்தில் கிடைக்கவில்லை என்று அர்த்தம். பின்னாலேயே லேப் முழுக்க அதே பாட்டு. என் லேப்டாப்பில் மட்டும் அழகாக ஓடியது.

காரணம் பிடிபட டீ இடைவேளை வரை ஆனது. முந்தின வாரம், அன்றாட வேலை நடக்கும் மெயின் பிராஞ்சில் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றி, நல்ல பிள்ளையாக மாதிரியையும் திருத்தியிருந்தேன். புதுப் பதிப்பை வெளியிடவில்லை. பிள்ளைகளுக்கு பிப் கொடுத்தது பழைய நூலகம், அவர்கள் பார்த்து எழுதியது புது மாதிரி. சோம்பேறியாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்!

சரி, பழைய பெயரைப் போட்டு ஓட்டினால் அடுத்தது. கோப்பிலிருந்து படிக்கும் மாதிரியில், யூனிக்கோட் எழுத்தை பைட்டுகளாக்கும் குறிமுறை யூடிஎஃப்-8 என்று குறிப்பிடாமல் விட்டிருந்தேன். என் உபுண்டு லினக்ஸில் அதுவே இயல்பு. லேபில் விண்டோஸ், அது மேற்கத்திய எழுத்துகளுக்கான பழைய 1252 குறிமுறையில் படிக்கப் பார்த்தது. யூடிஎஃப்-8-இல் நம் மெய்ப் புள்ளியின் கடைசி பைட், பதினாறடிமானக் கணக்கில் 8டி. அந்த இடம் 1252-இல் காலி. ஆக, மெய்யெழுத்து வந்த இடத்திலெல்லாம் நிரல் நின்றது. மெய்யெழுத்து இல்லாமல் நாலு வரித் தமிழ் எங்கே கிடைக்கும்?

திரும்பி வந்து முதல் வேலையாக, ஆவணத்தில் இருந்த சுட்டிகளை மெயின் பிராஞ்சிலிருந்து பிடுங்கி, வெளியிட்ட பதிப்பைக் குறித்து வைக்கும் டேகுக்கு மாற்றினேன். அடுத்தது தானியங்கிச் சோதனை. ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் பொதியைக் கட்டி, வெற்றுச் சூழலில் நிறுவி, மாதிரிகளை ரெப்போவுக்கு வெளியே நகலெடுத்து ஓட்டும். வெளியே என்பது முக்கியம். உள்ளேயே ஓட்டினால் பைத்தான் பக்கத்தில் கிடக்கும் மூல நிரலை எடுத்துக்கொண்டு எல்லாம் சரி என்று பொய் சொல்லக்கூடும். லினக்ஸில் ஒருமுறை, விண்டோஸில் ஒருமுறை. வந்த விடை எதிர்பார்த்த விடையோடு பொருந்தவும் வேண்டும்.

மாதிரியில் பிழை கையாளும் வரிகளை வைக்கலாமா என்று எங்களுக்குள் இன்னும் சண்டை. படிக்க எளிமையாக இருக்கட்டும் என்பார் நண்பர். படிப்பதாவது! எல்லோரும் அள்ளிக்கொண்டு போய் ஒட்டுகிறார்கள். ஒரு மாதிரியில் என் வீட்டுக் கணினியின் ஃபோல்டர் பாதை தெரியாமல் தங்கிவிட்டது. ஒருவர் தன் கணினியில் என் பெயரிலேயே ஃபோல்டர் உருவாக்கி வைத்துக்கொண்டு, ஏன் ஓடவில்லை என்று கேட்டிருந்தார். எப்படியும் ஒட்டத்தான் போகிறார்கள் என்று மாதிரிகளுக்கு மட்டும் சிசி ஜீரோ உரிமம் போட்டோம். யாரிடமும் கேட்க வேண்டாம், பெயரும் போட வேண்டாம்.

அந்த வகுப்பில் முதலில் எழுந்த பையன் போன மாதம் ஒரு திருத்தம் அனுப்பினான். முதல் மாதிரியில் மதுரையை எடுத்துவிட்டுத் திருமங்கலம் என்று போட்டிருந்தான். "எங்க ஊரும் இருக்கட்டும்ணே" என்று குறிப்பு வேறு. சோதனை சிவப்பில் நின்றது: எதிர்பார்த்தது 3, வந்தது 7. மதுரையைத் திரும்ப வைத்து, அதன் கீழே திருமங்கலத்தையும் 7-ஐயும் சேர்த்துப் பத்து நிமிடத்தில் மறுபடி அனுப்பினான். பச்சை விழுந்ததும் சேர்த்துவிட்டேன்.