பிக்கப் வண்டிக்கு மைலேஜ் எங்க போச்சுன்னு தேடுன கதை

வண்டி வாங்கி நாலு வருஷம் ஆச்சுங்க. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல தக்காளி, முருங்கக்கா ஏத்திக்கிட்டு பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியா கோயம்புத்தூர் போய் இறக்கிட்டு காலியா திரும்புவேன், போக வர 250 கிலோமீட்டருக்கு மேல வரும். லிட்டருக்கு 14 கொடுத்துட்டு இருந்த வண்டி போன ஐப்பசி மழைக்கு அப்புறம் 11க்கு வந்துருச்சு. கேக்க மூணு கிலோமீட்டர்தான், ஆனா கணக்கு போட்டு பாருங்க, ஒரு டிரிப்புக்கு அஞ்சு லிட்டர் டீசல் கூட குடிக்குது, வாடகைல டீசலும் கூலியும் போக எனக்கு நிக்கிற காசே அதுதான்.

இந்த 11ங்கிறது மீட்டர்ல முள்ள பாத்து சொல்றது இல்லங்க. ஒரே பங்க்ல, ஒரே பம்புல, துப்பாக்கி தானா நிக்கிற வரைக்கும் ஃபுல் பண்ணி, ஓட்டிட்டு வந்து திரும்ப அதே மாதிரி ஃபுல் பண்ணி, ஓடுன கிலோமீட்டர புடிச்ச லிட்டரால வகுக்கணும். ஒரு தடவ பாத்தா பத்தாது, நாலஞ்சு தடவ நோட்டுல எழுதி வச்சு பாத்தாதான் உண்ம தெரியும்.

ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, டீசல்ல ஊத்துற பாட்டில் ஒண்ணு வாங்கி ஊத்துனேன், ஒரு மாத்தமும் இல்ல. ஒரு பட்டறைல, இன்ஜினுக்குள்ள டீசல் பீச்சுற இன்ஜெக்டர கழட்டணும்னாங்க, அந்த செலவ கேட்டு நெஞ்சே அடைச்சிருச்சு. பொக கறுப்பா வரல, ஏர் ஃபில்டர் புதுசு, ஸ்டார்ட்டிங் நல்லா இருக்கு, அப்புறம் இன்ஜெக்டர எதுக்கு கழட்டணும்னு வந்துட்டேன்.

ஒருநாள் விடியக்காலம் உடுமலைல டீக்கு நிறுத்துனப்பதான் பின்னாடி இருந்து ஒரு தீஞ்ச வாசன. சுத்தி வந்து ஒவ்வொரு வீலுகிட்டயும் கைய கொண்டு போனேன். மூணு வீலு வெதுவெதுப்பு. இடது பின்வீலுகிட்ட ஒரு சாண் தூரத்துலயே கைல அனல் அடிக்குது, பிரேக் டிரம்ம தொடவே முடியல. ஊருக்கு வந்து ஜாக்கி போட்டு தூக்கி, ஹேண்ட் பிரேக்க இறக்கிட்டு சுத்தி விட்டா வலது வீலு நல்லா சுத்துது, இடது கா ரவுண்டு கூட போகல, சர்ருனு உரசிட்டு நின்னுருச்சு. ஹேண்ட் பிரேக் கேபிள் உள்ள மழத்தண்ணி எறங்கி துரு புடிச்சு, நான் லிவர இறக்குனாலும் கேபிள் திரும்பாம, டிரம்முக்குள்ள உரசி வீல நிறுத்துற பிரேக் ஷூவ புடிச்சே வச்சிருக்கு. மாசக்கணக்கா ஒரு வீல்ல பிரேக்க புடிச்சுக்கிட்டே கோயம்புத்தூர் போயிட்டு வந்திருக்கேன்! கேபிள மாத்தி, டிரம்ம கழட்டி சுத்தம் பண்ணி ஷூ செட் பண்ணதும் 13 வந்துச்சு. டீசல விடுங்க, அந்த சூட்டுல ஏதாவது ஆயிருந்தான்னு நெனச்சாதான் பயமா இருந்துச்சு.

மிச்சம் வந்தது ஸ்பீடுலயும் காத்துலயும். 80ல போயிட்டு இருந்தவன் 60, 65க்கு வந்தேன், பெட்டிய கேபினுக்கு மேல ஒசத்தி அடுக்குன வண்டிய காத்து புடிச்சு தள்ளுற பலம் ஸ்பீடு கூடக்கூட மடங்கு மடங்கா ஏறும், ஸ்பீடு ரெண்டு மடங்கானா காத்தோட எதிர்ப்பு நாலு மடங்கு. பழனி தாண்டி கோயம்புத்தூர் போக கால் மணி, அர மணி கூட ஆகுது, அதுக்கு ஏத்த மாதிரி முன்னாடியே கெளம்பிடுறேன். தார்ப்பாய் படபடன்னு அடிக்காம கயிறு போட்டு இழுத்துக் கட்டுறேன். டயர் காத்து காலைல வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாம இருக்கப்பவே பாக்கணும், லோடு ஏத்துறப்ப பின்டயருக்கு எவ்வளவுன்னு வண்டிக்கு குடுத்த புக்குலயே இருக்கு.

இன்னொன்னு, இறக்கத்துல நியூட்ரல் போட்டு உருட்டுறது. அப்பா லாரி ஓட்டுனவரு, அவரு பழக்கம் எனக்கும் ஒட்டிக்கிச்சு. இப்ப வர்ற, கம்ப்யூட்டர் கணக்கு பாத்து டீசல் அடிக்கிற காமன் ரயில் (common rail) இன்ஜின்ல கியர்ல வச்சுட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தா இன்ஜெக்டர் டீசல் அடிக்கறதயே நிறுத்திடும், சக்கரம்தான் இன்ஜின சுத்த வைக்கும். நியூட்ரல் போட்டாதான் இன்ஜின் அணையாம இருக்க டீசல் எரியும், லோடு ஏத்துன வண்டிய இன்ஜினே இழுத்துப் புடிக்கிற இன்ஜின் பிரேக்கும் போயிரும். சாவிய ஆஃப் பண்ணி உருட்டுறது அதவிட மோசம், ரெண்டு மிதி மிதிச்சதும் பிரேக் மிதிக்க உதவுற வாக்குவம் தீர்ந்து பிரேக் கல்லு மாதிரி ஆயிரும், தயவுசெஞ்சு யாரும் பண்ணாதீங்க.

போன மூணு டேங்க்கும் 14.2, 14, 14.4. அப்பா கியர் விஷயத்த இன்னும் முழுசா ஒத்துக்கல, ஆனா பக்கத்துல உக்காந்து வர்றப்ப நான் இறக்கத்துல கியர்லயே எறக்குனா இப்ப ஒண்ணும் சொல்றதில்ல.