பால் ஸ்டோர் தாண்டி இடது பக்கம்

சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் அப்பா வீட்டில் உட்கார்ந்துதான் அந்த வேலையைச் செய்தேன். எங்கள் நிறுவனத்தில், ரஸ்ட் மொழி நிரலைக் கணினிக்கான நிரலாக மாற்றும் ரஸ்ட் கம்பைலரைச் சில மாற்றங்களோடு நாங்களே பில்ட் செய்து பயன்படுத்தி வந்தோம். அதிலிருந்து பழைய எம்ஸ்கிரிப்டன் பேக்கெண்டை நீக்கவேண்டும். பேக்கெண்ட் என்பது கம்பைலரில் கடைசி நிரலை உருவாக்கும் பகுதி; எம்ஸ்கிரிப்டன், நிரலைப் பிரவுசரில் ஓடும்படி மாற்றும் கருவி.

ரஸ்டின் வழக்கமான பேக்கெண்ட் எல்எல்விஎம். பிரவுசருக்கான எம்ஸ்கிரிப்டன் வழிக்கு மட்டும் ஃபாஸ்ட்காம்ப் என்ற தனிக்கிளை எல்எல்விஎம் தேவைப்பட்டது. ஆக, ஒரே பில்டில் இரண்டு எல்எல்விஎம். லேப்டாப் தோசைக்கல்லாகக் காயும். 2019 அக்டோபரில் எம்ஸ்கிரிப்டன் 1.39.0 வந்தபோது மூல எல்எல்விஎம்மே அதற்கும் இயல்பான பேக்கெண்டாக ஆனது. ரஸ்டும் அதே ஆண்டு பழையதைக் கைவிட்டது. நாங்கள்தான் தாமதம்.

அழிப்பது சுகமான வேலை. ஃபாஸ்ட்காம்ப் இருந்த சப்மாட்யூல் (உள்ளே இணைத்திருந்த தனி நிரல் தொகுப்பு) போனது, கம்பைலரைக் கட்டும் பூட்ஸ்ட்ராப் நிரலில் அதற்கான படிகள் போயின, கான்ஃபிக் கோப்பில் பேக்கெண்ட் பட்டியலில் இருந்த பெயரும் போனது. என் கணினியில் எல்லா டெஸ்டும் பாஸ். அனுப்பினேன். பில்ட் சர்வரில் விழுந்தது: எம்ஸ்கிரிப்டன் பேக்கெண்டைக் காணோமாம்.

அன்றைக்கு மாலை அப்பா கேஸ் தோம்பு (சிலிண்டர்) கொண்டுவரும் பையனிடம் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். "பால் ஸ்டோர் தாண்டி இடது பக்கம் வா தம்பி." ரப்பர் பால் சேர்த்துவைக்கும் ஸ்டோர் அது. ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோதே அதை இடித்துவிட்டார்கள். பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. அரை மணி நேரம் செம்பனைக்குள் சுற்றிவிட்டு மறுபடி கூப்பிட்டான். அப்பாவுக்கோ அவன்மேல்தான் கோபம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. ஏஎஸ்எம்ஜேஎஸ் என்ற பிரவுசர் வடிவத்துக்கு எப்படி நிரலை உருவாக்குவது என்று கம்பைலருக்குச் சொல்லும் டார்கெட் கோப்பைத் திறந்தேன். எந்தப் பேக்கெண்டைப் பயன்படுத்துவது என்று குறிக்கும் 'கோட்ஜென் பேக்கெண்ட்' என்ற இடத்தில் 'எம்ஸ்கிரிப்டன்' அப்படியே இருந்தது. என் பில்ட் ஃபோல்டரில் பழைய லைப்ரரி மிச்சம் கிடந்ததால், கம்பைலர் சத்தமில்லாமல் அதையே எடுத்து ஓட்டியிருக்கிறது. சர்வரில் அந்த மிச்சம் இல்லை, அவ்வளவுதான். புதிதாகத் தொடங்கிப் பார்க்காமல் அனுப்பியது என் சோம்பல்.

வரியைத் திருத்தி, பில்ட் ஃபோல்டரை முழுசாக அழித்து, முதலிலிருந்து ஓட விட்டேன். இரண்டு வாரம் கழித்து வேறெதையோ தேடும்போது, சர்வரைத் தயார்செய்யும் ஸ்கிரிப்டில் ஃபாஸ்ட்காம்பை இறக்கும் வரி ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.