எச்டிஎம்எல் பக்கத்தைக் காட்டாமல் டவுன்லோட் செய்யும் பிரவுசர்: சரிசெய்த வழி

வெள்ளவத்தையில், க.பொ.த. சாதாரணதர ஐசிடி பாடத்துக்காகப் பிள்ளைகள் எச்டிஎம்எல் (இணையப் பக்கங்களை எழுதும் மொழி) எழுதிப் பழகும் கணினி ஒன்று. நோட்பேடில் எழுதிய பக்கத்தை இரட்டைக் கிளிக் செய்தால் பயர்பொக்ஸ் திறக்கிறது, பக்கம் வருவதில்லை. ஃபைலைச் சேமிக்கவா என்று கேட்டு, டவுன்லோட்ஸ் போல்டரில் அதே ஃபைலின் இன்னொரு பிரதியைப் போடுகிறது. இணையத்தில் ஏற்றிப் பார்த்தால் அதே பக்கம் ஒழுங்காகத் தெரிகிறது. கோடிங்கில் பிழை தேடிப் பிள்ளைகள் நேரத்தைத் தொலைப்பது இந்த இடத்தில்தான். கோடிங்கில் பிழையே இல்லை.

இணையத்திலிருந்து ஒரு பக்கம் வரும்போது, "இது டெக்ஸ்ட்/எச்டிஎம்எல் (text/html)" என்று சேர்வர், அதாவது பக்கத்தை அனுப்பும் கணினி, முன்கூட்டியே சொல்லிவிடும். வன்தட்டிலோ பென் டிரைவிலோ உள்ள ஃபைலுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. அதனால் பிரவுசர் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியைப் பார்க்கிறது. பயர்பொக்ஸ் அந்தப் பகுதி எந்த வகை என்று விண்டோஸிடமும் கேட்கும். விண்டோஸ் தவறான வகையைச் சொன்னால், தன்னால் காட்ட முடியாத பொருள் என்று நினைத்துச் சேமிக்கப் போய்விடும்.

பெரும்பாலானவர்கள் முதலில் போவது விண்டோஸ் செட்டிங்ஸில் உள்ள டிஃபோல்ட் அப்ஸ் பக்கத்துக்கு. அங்கே எத்தனை முறை மாற்றினாலும் இந்தக் கோளாறு போகாது. எந்த மென்பொருள் திறக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி, இந்த ஃபைல் என்ன வகை என்பது வேறு கேள்வி. இரண்டும் விண்டோஸில் வெவ்வேறு இடங்களில் எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டையும் ஒன்றென நினைப்பதால்தான் பலர் பயர்பொக்ஸை அழித்துத் திரும்பப் போடும் அளவுக்குப் போகிறார்கள்.

ஃபைல் வகை எழுதப்பட்டிருக்கும் இடம் ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் தரவுத்தளம். அதில் கைவைக்க முன்னர் ஃபைல் பெயரைப் பாருங்கள். விண்டோஸ் 11இல் ஃபைல் எக்ஸ்புளோரரின் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போய்ச் சரி அடையாளம் போட்டால் முழுப்பெயர் தெரியும். டாட் எச்டிஎம்எல்லுக்குப் பின்னால் டாட் டிஎக்ஸ்டி ஒட்டியிருந்தால் டவுன்லோட் ஆகாது, எழுதிய கோடிங் அப்படியே எழுத்தாகத் தெரியும். அது நோட்பேடில் சேவ் செய்யும்போது "ஓல் ஃபைல்ஸ்" தெரிவுசெய்யாத பிழை. போன் குரோமில் சேமித்து வட்ஸ்அப்பில் வந்த பக்கம் என்றால் அது டாட் எம்எச்டிஎம்எல் ஆக இருக்கும். அந்த வகையைப் பயர்பொக்ஸ் காட்டாது. குரோமிலோ எட்ஜிலோ திறந்தால் போதும். ஃபைல் பெயர் தமிழில் இருப்பது இதற்குக் காரணமே அல்ல, பிள்ளைகளை அதற்காகப் பெயர் மாற்றச் சொல்ல வேண்டாம்.

பெயர் சரியென்றால் விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தி ரெஜ்எடிட் (regedit) என்று அடியுங்கள், ரெஜிஸ்ட்ரி திறக்கும். எச்கீ கிளாசஸ் ரூட் என்பதன் கீழ் டாட் எச்டிஎம்எல் என்ற போல்டர் இருக்கும். முதலில் அதை வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஏதாவது பிழையாகிப் போனால் திரும்பிவர அதுதான் வழி. வலது பக்கத்தில் "கன்டென்ட் டைப்" (Content Type) என்ற வரி இருக்க வேண்டும், அதன் டேட்டா பத்தியில் டெக்ஸ்ட்/எச்டிஎம்எல் என்று இருக்க வேண்டும். மேலே சொன்ன கணினியில் அந்த இடத்தில் அப்ளிகேஷன்/ஒக்டெட்-ஸ்ட்ரீம் என்று இருந்தது. "ஏதோ பைட்டுகள், வகை தெரியாது" என்பதுதான் அதன் பொருள். அப்படியிருந்தால் பிரவுசர் சேமிக்கத்தான் செய்யும்.

வரியை இரட்டைக் கிளிக் செய்து மதிப்பை மாற்றலாம். வரியே இல்லையென்றால் புதிய ஸ்ட்ரிங் வெல்யூ ஒன்றை உருவாக்குங்கள். கன்டென்ட், டைப் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் நடுவில் ஓர் இடைவெளி கட்டாயம். சேர்த்து எழுதினால் விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, நீங்களோ திருத்திவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மதிப்பில் இடைவெளி இருக்கக் கூடாது. டாட் எச்டிஎம் போல்டரிலும் இதையே செய்யுங்கள். எஸ்விஜி வகைப் படங்களும் இப்படி டவுன்லோட் ஆனால், டாட் எஸ்விஜி போல்டரில் இமேஜ்/எஸ்விஜி+எக்ஸ்எம்எல் (image/svg+xml) என்று எழுதுங்கள்.

ஒரு லொகினில் பிழை, இன்னொரு லொகினில் சரி என்றால், எச்கீ கரன்ட் யூசர், சொப்ட்வெயார், கிளாசஸ் என்ற பாதையில் பாருங்கள். அங்கே உள்ள மதிப்பு, கணினி முழுவதற்குமான மதிப்பை மீறும். அட்மின் உரிமை இல்லாத லொகினிலும் இந்தப் பகுதியைத் திருத்தலாம் என்பது பொதுக் கணினிகளில் பெரிய உதவி.

பிறகு பயர்பொக்ஸை முழுதாக மூடித் திறந்து பக்கத்தைத் திறவுங்கள். கண்ட்ரோலும் ஐயும் அழுத்தினால் பக்கத் தகவல் பெட்டி வரும்; அதில் டைப் என்ற வரியில் டெக்ஸ்ட்/எச்டிஎம்எல் என்றிருந்தால் வேலை முடிந்தது.

இன்னும் முடியவில்லை, அல்லது வெற்று டாப்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டே போகின்றன என்றால், கோளாறு பயர்பொக்ஸின் சொந்த நினைவில் இருக்கலாம். எச்டிஎம்எல்லை வெளி மென்பொருளிடம் கொடு என்று அதில் பதிந்திருக்கும். அந்த மென்பொருளும் பயர்பொக்ஸ்தான் என்றால் தன்னையே திரும்பத் திரும்பக் கூப்பிடும். கண்டவுடன் டாஸ்க் மனேஜரில் நிறுத்துங்கள். பிறகு முகவரிப் பட்டையில் அபௌட் சப்போர்ட் (about:support) பக்கத்தைத் திறந்து, புரொஃபைல் போல்டருக்குப் போய், பயர்பொக்ஸை மூடிவிட்டு ஹேண்ட்லர்ஸ் டாட் ஜேசன் (handlers.json) ஃபைலின் பெயரை மாற்றுங்கள். அடுத்த முறை புதிதாக ஒன்று உருவாகும். புக்மார்க், பாஸ்வேர்ட் எதுவும் போகாது. எந்த வகையை எதில் திறப்பது என்ற பழைய தெரிவுகள் மட்டும் அழியும்.

பிடிஎஃப் மட்டும் டவுன்லோட் ஆகிறதென்றால் ரெஜிஸ்ட்ரி பக்கம் போகவே வேண்டாம். பயர்பொக்ஸில் செட்டிங்ஸின் அப்ளிகேஷன்ஸ் பட்டியலிலும், குரோமில் சைட் செட்டிங்ஸுக்குள் பிடிஎஃப் டொக்கியுமென்ட்ஸ் என்ற இடத்திலும் பிரவுசரிலேயே திறக்கும்படி தெரிவுசெய்யுங்கள்.

சிலர் இந்தத் தொல்லையைத் தவிர்க்க அதே கணினியில் பைதனின் சிறிய வெப் சேர்வரை ஓட்டுகிறார்கள். விண்டோஸில் பைதனும் வகைகளை ரெஜிஸ்ட்ரியிலிருந்து எடுக்கும். டாட் ஜேஎஸ்ஸுக்கு (ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்) அங்கே டெக்ஸ்ட்/பிளெயின், அதாவது வெறும் எழுத்து, என்றிருந்தால், மொடியூலாக எழுதிய ஸ்கிரிப்ட்டைப் பிரவுசர் ஏற்க மறுத்துவிடும். அப்போதும் டாட் ஜேஎஸ் போல்டரின் கன்டென்ட் டைப்பை டெக்ஸ்ட்/ஜாவாஸ்கிரிப்ட் (text/javascript) என்று மாற்றிவிட்டு சேர்வரை நிறுத்தித் திரும்ப ஓட்ட வேண்டும்.